கூரையில் கட்டிலளவு ஓட்டை

சுகிர்தபுரம் கோயிலின் கூரையில் ஓட்டை விழுந்தது புரட்டாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை மணிக்கும் மத்தியான மணிக்கும் இடையில். அன்றைக்கு இடி விழவில்லை, காற்று அடிக்கவில்லை, தென்னை மரம் சாயவில்லை, குரங்கு என்ற ஒன்று அந்தச் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது, ஆனாலும் அந்தக் கோயிலில் மணியடித்து, பெருக்கி, பாய் விரிக்கிற கோயில்குட்டியார் யாக்கோபு பன்னிரண்டு மணிக்கு உள்ளே நுழைந்தபோது பலிபீடத்துக்கு முன்னால் தரையில் நீள்சதுரமாக வெயில் கிடந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். கீழே வெயில் கிடந்த அளவுக்கு மேலே வானம் தெரிந்தது. குறுக்கே போன மரச்சட்டங்கள் அறுபட்டது போலவோ முறிந்தது போலவோ இல்லை, அந்த இடத்தில் சட்டமே வேண்டாம் என்று கோயில் கட்டிய காலத்திலேயே தச்சன் விட்டுவைத்தது போல ஒழுங்காக முடிந்திருந்தன. வெளியே வந்து பார்த்தால் கழன்ற ஓடுகள் அத்தனையும், ஒன்றுகூட விரிசல் விடாமல், கிழக்கு மதில் ஓரமாகப் பத்துப் பத்தாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. யாக்கோபு அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல மத்தியான மணியை அடித்தார்.

ஓட்டையைப் பற்றி அன்றைக்கே கேள்விப்பட்டும் ஊரிலேயே கடைசியாக அதைப் பார்த்தவள் தவக்கனி. அவள் வீடு கோயிலுக்கு நேர் எதிரே இருந்தது. சக்கர நாற்காலியை வாசல் வரைக்கும் உருட்டி வந்தால் கோயிலின் இருபத்தொரு படிகளும், படிகளுக்கு மேலே பெரிய கதவும், கதவுக்கு மேலே உயர்ந்த முகப்பும் கண்ணுக்கு நேரே தெரியும். ஓட்டை முகப்புக்குப் பின்னால் பலிபீடத்தின் பக்கம் இருந்ததால் அதை மட்டும் பார்க்க முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கரண்டுக் கம்பியில் உரசிக்கொண்டிருந்த முருங்கைக் கிளையை வெட்ட ஆள் வரும் வரைக்கும் பொறுக்க மாட்டாமல் தானே அரிவாளோடு ஏறினாள். முருங்கை முறியும் என்று தெரியாதவள் இல்லை, நம்மிடம் அது வாலாட்டாது என்று நினைத்துவிட்டாள். விழுந்ததில் உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வராத ஊழியக்காரர் இல்லை. வெள்ளை ஜிப்பா போட்டவர், கோட்டுப் போட்டவர், எண்ணெய்க் குப்பி கொண்டு வந்தவர் என்று ஒவ்வொருவராக வந்து, அவள் தலையில் கைவைத்து, வேதத்தில் நடந்த அற்புதங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி, சப்பாணி நடந்தானே, சூம்பின கை நீண்டதே, முப்பத்தெட்டு வருஷம் படுத்துக் கிடந்தவன் எழுந்தானே, நீயும் எழுந்திரு என்று அதட்டினார்கள். அவள் எழவில்லை. உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, அவரவர் காலால் நடந்து போனார்கள். கடைசியில் அவளுக்கு அந்தக் கதைகளின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. பெண்கள் சங்கத்தில் இருபது வருஷம் இரண்டாம் குரல் பாடியவள், வேதத்தை எடுத்தால் அற்புதம் வருகிற பக்கங்களைத் தள்ளிவிட்டு சங்கீதத்தை மட்டும் படித்தாள். கால் வேண்டும் என்று அவள் யாரிடமும் கேட்கவே இல்லை. இடது பக்கம் மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரமாக, தன்னுடைய இடத்தைத்தான் கேட்டாள்.

அதற்கு வேண்டியது ஒரு சரிவு; படிகளின் ஓரமாக, சக்கரம் உருளும் அகலத்தில், சிமெண்டில் ஒரு சரிவு. கமிட்டியில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கே போடுவது என்றுதான் கேட்டார்கள். ஏனென்றால் சுகிர்தபுரத்துக் கோயிலில் பெயர் எழுதாத பொருள் கிடையாது. மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர், டியூப்லைட்டின் இரண்டு முனையிலும் பெயர், காணிக்கைத் தட்டைத் திருப்பினால் அடியிலும் பெயர். படிகளைக் கருங்கல்லில் புதிதாகக் கட்டியபோது ஒவ்வொரு படிக்கும் இடது ஓரத்தில் ஒரு குடும்பம், வலது ஓரத்தில் ஒரு குடும்பம் என்று நாற்பத்திரண்டு குடும்பங்களை, பாட்டனார் தொடங்கி துபாயில் இருக்கிற பேரன் வரைக்கும், ஆழமாக வெட்டிப் பொன் வர்ணம் பூசியிருந்தார்கள். இடது பக்கம் சரிவு போட்டால் இருபத்தொரு குடும்பம் மறையும், வலது பக்கம் போட்டால் மற்ற இருபத்தொன்று மறையும், நடுவில் போட்டால் கல்யாண ஊர்வலம் எப்படி ஏறும் என்று ஆறு கூட்டம் கூடிப் பேசினார்கள். ஆறாவது படியில் இடது ஓரத்தில் இருப்பது செத்துப்போன என் புருஷன் பெயர், அதை முதலில் மூடுங்கள் என்று தவக்கனி சொல்லியனுப்பினாள். அது உன் வீட்டுப் பெயர், நீ தாராளமாக மூடலாம், மற்றவர்கள் பெயரை நாங்கள் எப்படி மூடுவது என்று பதில் வந்தது.

இதில் தவக்கனிக்கு உரக்கப் பேசவும் வாய் எழவில்லை. அந்தப் படிகளுக்காக வீடு வீடாக ஏறி இறங்கிப் பெயர் சேர்த்தவளே அவள்தான். அந்தக் காலத்தில் மூட்டுவலிக்காரர் ஒருவர், ஒரு கைப்பிடிக் கம்பி வைத்தால் நல்லது தாயீ என்று கேட்டபோது, “ஏற முடியாதவிய கீழ இருந்தே ஜெபிங்க, ஆண்டவருக்குக் கேக்கும்,” என்று சிரித்துக்கொண்டே சொன்னவளும் அவள்தான். அதே வார்த்தையைச் சபைச் செயலர் ஞானசிகாமணி இப்போது அவளிடம் சிரிக்காமல் சொன்னார். அவர் அவள் புருஷனுக்கு அண்ணன். கெட்ட மனிதர் இல்லை, பதினெட்டாவது படியில் வலது ஓரத்தில் அவர் பெயர் இருந்தது.

இவ்வளவையும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் தை மாதம் இருபதாம் தேதி மகள் எப்சிபாவுக்குக் கல்யாணம் குறித்திருந்தது. அந்தச் சபை முறைப்படி, தாலி கட்டுவதற்கு முன்னால் குருவானவர் சபையைப் பார்த்து, இந்தப் பெண்ணை இந்த மணமகனுக்குக் கொடுக்கிறவர் யார் என்று கேட்பார். கொடுக்கிறவர் பக்கத்தில் வந்து, நான் என்று வாயால் சொல்லி, பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்கவேண்டும். எப்சிபாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது தகப்பன் போய்விட்டான். முருங்கை விற்றும் சுருக்குப்பை தைத்தும் அவளைப் படிக்கவைத்து நர்ஸ் ஆக்கியது தவக்கனி. அந்த ஒரு வார்த்தையை யார் சொல்வது என்பதுதான் இப்போது அவளுக்கு எல்லாம்.

“தகப்பன் இல்லாத பிள்ளைக்குப் பெரியப்பன்தானம்மா சொல்லணும்,” என்றார் ஞானசிகாமணி. “உனக்குக் கீழ பந்தல்ல பெரிய ஸ்பீக்கரா வெச்சித் தாரேன். ஒரு வார்த்த விடாமக் கேக்கும்.”

“கேக்குறதுக்குத் தாய் எதுக்கு அத்தான்? ரோட்டுல போறவனும் கேப்பான். நான் சொல்லணும். உள்ள இருந்து சொல்லணும்.”

“அப்ப நாலு பயலுவ சேரோட தூக்கிட்டுப் போறோம்.”

அது ஒருமுறை நடந்திருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள்; ஒன்பதாவது படியில் மூச்சு வாங்க இறக்கி வைத்துவிட்டு, அவள் தலைக்கு மேலே சிமெண்ட் விலையைப் பேசினார்கள்; தூக்கும்போது ஒருவன், செத்த உடம்பு மாதிரியில்லா கனக்குது என்றான். அவன் கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே கனத்தது, அதனால்தான் அவளுக்கு அது மறக்கவில்லை. இனி யார் தயவிலும் அந்தப் படியைத் தாண்டமாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். எப்சிபா, நான் கீழே பந்தலிலேயே தாலி கட்டிக்கொள்கிறேன் என்று அழுதபோது, “உன்னப் படிக்குக் கீழ நிறுத்திக் கட்டிக்குடுக்கவா வளத்தேன்? நீ ஏறித்தான் போகணும்,” என்று அதட்டிவிட்டு, மகள் அந்தப் பக்கம் போனபிறகு தானும் அழுதாள்.

கூரையில் ஓட்டை விழுந்தபோது ஊர் இந்த நிலையில்தான் இருந்தது.

முதலில் கமிட்டி அதை வெறும் ஓட்டையாகத்தான் நடத்தியது. கொத்தனார் வந்தார், சட்டம் அடித்தார், ஓடு வேய்ந்தார், இறங்கி வந்து ஏணியைச் சாத்தினார். சாயங்கால மணிக்குள் சட்டங்கள் இல்லை, ஓடுகள் கிழக்கு மதில் ஓரமாகப் பத்துப் பத்தாக உட்கார்ந்திருந்தன. மறுநாளும் வேய்ந்தார், மறுநாளும் அப்படியே. இப்படி ஏழு தடவை நடந்தபிறகு அவர் மட்டக்கோலை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு, “ஐயா, இது பிரிஞ்ச கூரையில்ல, பிரிச்ச கூரை. பிரிச்சவரு என்னைவிட நல்ல வேலைக்காரரு. நான் வாரேன்,” என்று போய்விட்டார். மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்கள். ஆவன செய்யவும் என்று இரண்டு வாரத்தில் பதில் வந்தது, அதையும் கூட்டத்தில் வாசித்துப் பதிவு செய்தார்கள்.

பிறகு ஐப்பசி மழை வந்தது. ஊரே கோயிலுக்குள் கூடி, பக்கெட்டும் சாக்குமாகக் காத்துக்கொண்டிருக்க, மழை கூரையின் மற்ற இடங்களில் எல்லாம் படபடவென்று விழுந்து, ஓட்டைக்கு வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவரைப் போல ஒரு கணம் நின்று, விளிம்போடு ஒதுங்கி ஓடியது. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. வெயில் வந்தது, நிலா வெளிச்சம் வந்தது, புறா வந்தது, பக்கத்து ஊரான ஆறுதல்விளையிலிருந்து முருங்கைப்பூ வாசனை வந்தது, மழை மட்டும் வரவில்லை. யாக்கோபு பக்கெட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டைக்குக் கீழே உட்காருவதற்காகப் பெண்கள் ஏழு மணிக்கே வந்து கைக்குட்டை போட்டு இடம் பிடித்தார்கள்.

அதன்பிறகு சுகிர்தபுரத்தாரைப் பிடிக்க முடியவில்லை. நூற்றிருபது அடிக் கோபுரம் கட்டி, அதன் உச்சியில் விளக்குப் போட்டு, பத்து வருஷமாக இவர்கள் கண்ணில் குத்திக்கொண்டிருந்த ஆறுதல்விளைக்காரர்களைப் பஸ்ஸில் பார்த்தால், “ஒங்க கோபுரம் ஆளு வெச்சிக் கட்டினது. எங்க ஓட்டை அப்படியில்ல,” என்றார்கள். வெளியூர் உறவினர்களுக்கு எழுதிய கல்யாணப் பத்திரிகைகளில் கோயில் பெயருக்குக் கீழே, கூரை திறந்தது என்று ஒரு வரி சேர்த்தார்கள். ஓட்டையைச் சுற்றிப் பித்தளைத் தகடு அடித்து உபயதாரர் பெயர் வெட்டலாமா என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். இது யார் உபயம் என்று எழுதுவது என்று இன்னொருவர் கேட்டார். அதற்குப் பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அடுத்த விஷயத்துக்குப் போனார்கள், அந்தக் கோயிலின் சரித்திரத்திலேயே பெயர் எழுதப்படாமல் விடப்பட்ட முதல் பொருள் அதுதான்.

அளந்து பார்க்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியாது. ஆறடிக்கு மூன்றடி. அந்த அளவைக் கேட்டதும் ஓய்வுநாள் பள்ளியில் படித்த அத்தனை பேருக்கும் கப்பர்நகூம் ஊர் ஞாபகம் வந்தது. கைகால் விளங்காத திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு நான்கு பேர் சுமந்து வந்து, உள்ளே போக வழியில்லாமல், கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்க, அவன் எழுந்து கட்டிலை எடுத்துக்கொண்டு நடந்துபோன கதை ஞாபகம் வந்தது. அன்றைக்கே வீட்டுக்கு வீடு டேப்பை எடுத்துக் கட்டிலை அளந்தார்கள். ஊரில் உள்ள எல்லாக் கட்டிலும் கிட்டத்தட்ட ஆறடிக்கு மூன்றடியாக இருந்ததால் அவரவர் வீட்டு நோயாளிக்கு என்றே ஓட்டை விழுந்திருக்கிறது என்று அவரவர் பெருமைப்பட்டார்கள். ஆனால் யாரும் ஏறவில்லை. இறங்குகிறவர் நடந்துவிடவேண்டுமே, நடக்காவிட்டால் ஊர் மானம் என்ன ஆவது, ஆறுதல்விளைக்காரன் சிரிப்பானே என்று பயந்து, அற்புதத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அதன் கீழே பாட்டுப் பாடினார்கள்.

இது எல்லாம் தவக்கனியின் காதுக்கு வந்துகொண்டேதான் இருந்தது. சரிவு கேட்டவளுக்கு ஓட்டை வந்திருக்கிறது, ஆண்டவருக்கும் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று கசப்பாகச் சிரித்துவிட்டு, மகளின் கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் லில்லிபாய் வந்தாள். லில்லிபாய்க்கு முப்பத்தைந்து வயது, கட்டட வேலைக்குப் போகிற சித்தாள், மூன்று மாடிக்குக் கான்கிரீட் சட்டி சுமக்கிறவள், பெண்கள் சங்கத்தில் தவக்கனிக்குப் பக்கத்தில் நின்று பாடிப் பாட்டுக் கற்றவள். எழுத்து வாசிக்கத் தெரியாது.

“யக்கா, அந்தக் கூரையப் பிரிச்ச கதைய எனக்கு ஒருக்கா வாசி,” என்றாள்.

“அதெல்லாம் நான் வாசிக்கிறதில்லட்டி.”

“எனக்காக வாசி. ஊரே பேசுது. நான் காதால கேட்டதுதான், எழுத்துல என்ன இருக்குன்னு தெரியணும்லா?”

தவக்கனி வேதத்தை எடுத்து, மூன்று வருஷமாகத் திறக்காத பக்கத்தைத் திறந்து, வேண்டாவெறுப்பாக வாசிக்கத் தொடங்கி, நான்காவது வரியில் நிறுத்தினாள். மறுபடியும் அதையே வாசித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“ஏட்டி, வாசல் இருந்திருக்கு.”

“எந்த வாசலு?”

“அந்த வீட்டுக்கு. நல்லா வாசல் இருந்திருக்கு. ஆளுவதான் அடைச்சிக்கிட்டு நின்னுருக்காவ. ஒரு மனுசனக் கட்டிலோட தூக்கிட்டு நிக்காவன்னு தெரிஞ்சும் ஒருத்தரும் விலகல. எல்லாரும் பிரசங்கம் கேட்டுக்கிட்டு நின்னுருக்காவ.”

லில்லிபாய் தனக்கு வாசிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். “அப்ப நம்ம ஊரு இந்தக் கதையில எங்கக்கா நிக்கி?”

“வாசல்ல.” தவக்கனி கண்ணாடியை மறுபடியும் போட்டுக்கொண்டாள். “நானும் அங்கதான் நின்னேன். முழங்காலு வலிச்சவர்ட்ட கீழ நில்லும்னு சொன்னேன்.”

லில்லிபாய் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தாள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, “அந்தக் கட்டில்ல கெடந்தவனுக்கு விசுவாசம் இருந்துச்சா?” என்று கேட்டாள்.

தவக்கனி விரலை வைத்துத் தேடினாள். முதலிலிருந்து தேடினாள். “அவனப் பத்தி ஒண்ணும் போடல. சுமந்துட்டு வந்தவிய விசுவாசத்தப் பாத்தாருன்னுதான் இருக்கு.”

“அப்ப ஒனக்கு இல்லாட்டியும் பரவால்லக்கா. என்கூட வேலைக்கு வார மூணு பேரையும் சேத்து எங்க நாலு பேர்ட்ட இருக்கு. அது போதும்.”

மூன்று வருஷமாகக் கைவைத்து ஜெபித்தவர்கள் அத்தனை பேரும் அவளிடம் இல்லாததைக் கேட்டார்கள். தன்னிடம் இருக்கிறது, வைத்துக்கொள் என்று சொன்னவள் இவள் ஒருத்திதான். தவக்கனி சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று.

“கூரை வழியா ஒன்ன எறக்குவோம். தூக்கவே வேண்டாம்னு சொல்லுவ, இதுவும் தூக்குறதுதானக்கா?” என்று லில்லிபாயே கேட்டாள்.

“படியில தூக்கினா அவிய தயவு. கூரை அவரு தெறந்து வெச்சிருக்கது. அவரு வீட்டு வாசலு எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியாதா?” என்றாள் தவக்கனி. “ஆனா ஒண்ணு. கூரை வரைக்கும் நானே உருட்டிட்டு வருவேன்.”

லில்லிபாயோடு வேலைக்குப் போகிற மூன்று பெண்கள் அன்று சாயங்காலமே வந்து கோயிலின் பின்சுவரைப் பார்வையிட்டார்கள். மேஸ்திரியிடம் சவுக்குக் கம்பும் பலகையும் கேட்டு வாங்கி வந்து, சாரம் கட்டினார்கள். கம்பை ஊன்றி, கயிற்றைச் சுற்றி, பலகையை மேலே மேலே வளைத்து வளைத்து, சட்டி சுமக்கிற கால் வழுக்காத சரிவு எதுவோ அந்தச் சரிவில், கூரை விளிம்பு வரைக்கும் பாதை போட்டார்கள். ஞானசிகாமணி ஓடி வந்து, யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்டார். “பின்சுவத்துல யாரு பேரும் இல்லய அண்ணாச்சி, யார்ட்ட கேக்க?” என்றாள் லில்லிபாய். அவர் பின்சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் உற்றுப் பார்த்துக்கொண்டே நடந்தார். உண்மையிலேயே ஒரு பெயரும் இல்லை. வாசலுக்குப் போடவே முடியாது என்று ஆறு கூட்டம் கூடி முடிவு செய்த சரிவை, நான்கு பெண்கள் மூன்றே நாளில் கூரைக்குப் போட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் வாசலுக்கும் ஒன்று வந்தது, இருபத்தொரு குடும்பத்தின் பெயரை மூடிக்கொண்டு வந்தது, ஆனால் சுகிர்தபுரத்தில் முதலில் போட்ட சரிவு எதுவென்று கேட்டால் இன்றைக்கும் பின்சுவரைத்தான் காட்டுவார்கள்.

தை இருபது காலை பத்து மணிக்கு, வாடாமல்லி நிறப் பட்டுடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, தவக்கனி சாரத்தின் அடியில் வந்து நின்றாள். ஊரும் மாப்பிள்ளை வீட்டாரும் உள்ளே நெருக்கியடித்து நின்றார்கள், இடமில்லாதவர்கள் வெளியே பந்தலில் ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அவள் இரண்டு சக்கரத்தையும் தன் கையாலேயே தள்ளினாள். பலகை ஒவ்வொன்றாகக் கீழே போயிற்று. மூச்சு வாங்கியபோது நிறுத்தினாள், லில்லிபாய் பின்னால் சக்கரத்துக்குக் காலைக் கொடுத்து நின்றாள், ஆனால் தள்ளவில்லை. உள்ளங்கை சிவந்து வியர்வை ரவிக்கையை நனைத்தபோதும், தள்ளட்டுமாக்கா என்று யாரும் கேட்கவில்லை. அந்த மரியாதை அவளுக்குப் பெரிதாக இருந்தது. கடைசிப் பலகையைத் தாண்டி, ஓட்டின் மேல் விரித்த பாலத்தில் வந்து நிமிர்ந்தபோது செக்கச்செவேலென்று தேரியும், பச்சைப்பசேலென்று முருங்கைத் தோட்டங்களும், தீப்பெட்டி மாதிரி அவள் வீடும் தெரிந்தன. இவ்வளவு உயரத்தில் சுகிர்தபுரத்தில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

ஓட்டையை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். அதன் மேலே சவுக்கு முக்காலியும் கப்பியும் கட்டி, அவள் வீட்டுக் கயிற்றுக் கட்டிலை நான்கு வடத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அவளைக் கட்டிலில் மாற்றி உட்கார வைத்தார்கள். அவள் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், முதுகை நிமிர்த்தி, கையால் வடத்தைப் பிடித்து, சிம்மாசனத்தில் போல உட்கார்ந்தாள். நான்கு பேரும் ஸ்தோத்திரம் சொல்லி வடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள்.

கொஞ்சம் இறங்கியதும் லில்லிபாய் மேலிருந்து, “யக்கா, பயமா இருக்கா?” என்றாள்.

“இல்ல. கொஞ்சம் நிப்பாட்டு.”

கூரையைத் தாண்டிய உடனே கட்டில் அந்தரத்தில் நின்றது. கீழே எல்லா முகமும் அண்ணாந்திருந்தது. நாற்காலியில் இருந்த இந்த மூன்று வருஷத்தில் அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் குனிந்துதான் பார்த்தார்கள், குனிந்து பார்க்கிற கண்ணில் எப்போதும் ஒரு ஐயோ இருக்கும், இப்போது அது இல்லை. அவள் தலைக்கு மேலே, கைக்கு எட்டுகிற தூரத்தில், சட்டங்கள் முடிகிற இடம் இருந்தது. கை நீட்டித் தொட்டாள். மரத்தில் வெட்டுக் காயமே இல்லை, கதவைப் போலத் திறந்திருந்தது. கப்பர்நகூமில் கூரையைப் பிரித்தவர்கள் வெளியே நின்ற மனிதர்கள்; அந்த வீட்டுக்காரன் கோபப்பட்டிருப்பான், யார் சரிசெய்து தருவது என்று கேட்டிருப்பான். இங்கே பிரித்தது வீட்டுக்காரரேதான். படிக்கும் பெயருக்கும் கமிட்டிக்கும் நடுவில் அவர் மேலே, அவர்கள் பக்கம், உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். அவரோ இவ்வளவு நாளும் வெளியே, படிக்குக் கீழே, அவள் வாசலில் நின்று, உள்ளே போக வழியில்லாமல் தன் வீட்டுக் கூரையையே பிரித்திருக்கிறார். ஒருத்திக்காக. முருங்கையில் ஏறிய ஒரு பிடிவாதக்காரிக்காக. அவளுக்கு அங்கேயே, அந்தரத்திலேயே, விசுவாசம் வந்தது. வேறு விதமாக அதைச் சொல்வதற்கில்லை, பசி வருகிற மாதிரி வந்தது. ஆண்டவரே என்றாள், மூன்று வருஷத்துக்குப் பிறகு, கோபம் இல்லாமல். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “விடுட்டி,” என்றாள்.

கட்டில் பலிபீடத்துக்கு முன்னால், எப்சிபாவின் பக்கத்தில், சத்தமில்லாமல் தரையைத் தொட்டது.

எல்லோரும் அவள் காலைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள், பெண்கள் சங்கம் பார்த்தது, யாக்கோபு மணிக்கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார், பெஞ்சின் மேல் ஏறி நின்று போனில் படம் பிடிக்கிறவர்கள் பார்த்தார்கள், ஆறுதல்விளையிலிருந்து வேண்டுமென்றே வந்திருந்தவர்கள் பார்த்தார்கள். குருவானவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார். எழுந்து, கட்டிலை எடுத்துக்கொண்டு நடக்கவேண்டிய இடம் அதுதான். ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொரு நிமிஷம் போயிற்று. கால் கால் இருந்த இடத்திலேயே இருந்தது.

தவக்கனி சுற்றிலும் பார்த்தாள். அவளுக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை, பெற்ற பிள்ளை மேல் வருகிற மாதிரி ஒரு பாசம்தான் வந்தது.

“என்ன எல்லாரும் என் காலையே பாக்கிய?” என்றாள். “நான் வந்துட்டேன்லா. கலியாணத்த நடத்துங்க ஐயா.”

முதலில் சிரித்தது எப்சிபா. பிறகு முன்பெஞ்சு, பிறகு கோயில் முழுக்கச் சிரித்து, சிரிப்பு அழுகையாகி, யார் தொடங்கியது என்று தெரியாமல் பாட்டாக மாறியது. தவக்கனி இரண்டாம் குரலை எடுத்தாள். மூன்று வருஷமாக அந்தப் பாட்டில் விழுந்து கிடந்த பள்ளம் நிறைந்ததை, பாட்டே தெரியாதவர்கள்கூடக் கவனித்தார்கள்.

பாட்டு முடிந்து, குருவானவர் புத்தகத்தைத் திறந்து, மாப்பிள்ளையையும் பெண்ணையும் கேட்கவேண்டியதைக் கேட்டு முடித்து, சபையை நோக்கி நிமிர்ந்தார்.

“இந்தப் பெண்ணை இந்த மணமகனுக்குக் கொடுக்கிறவர் யார்?”

ஞானசிகாமணி முன்னே நின்றிருந்தார். சொல்லவேண்டியதைப் பல தடவை சொல்லிப் பார்த்திருந்தார், வெள்ளைச் சட்டைக்கு மடிப்பும் கலையவில்லை. அவர் கட்டிலைப் பார்த்தார். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, அந்தக் கோயிலில் தன் இடத்தை விட்டு இரண்டடி விலகினார்.

தவக்கனி மகளின் கையைப் பிடித்தாள். யாரோ மைக்கை நீட்டினார்கள், அவள் அதை ஒதுக்கினாள்.

“நான்,” என்றாள்.

அந்தக் குரல் தூண்களைத் தொட்டு, முகப்பைத் தொட்டு, ஓட்டை வழியாக வெளியே போயிற்று. பந்தலில் இருந்தவர்களுக்கு அது ஸ்பீக்கரிலிருந்து அல்ல, வானத்திலிருந்து கேட்டது.